மேல்நோக்கிய அம்புக்குறி

1

செவ்வாய்க்கிழமை பகல் 12.07க்கு என் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்கங்கள் வந்தன. அப்போது நான் பேர்கன் நகரசபை ஆவணக்காப்பகத்தின் சாப்பாட்டு அறையில், பாணுக்கு மேல் சீஸ் துண்டை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. பேர்கனில் மழை பெய்ததைக் குறித்து வைப்பது வீண்வேலை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் குறிக்கிறேன். நோர்வேக்கு வந்து இருபத்தெட்டு வருடங்கள்; இருபத்தெட்டுக் குறிப்பேடுகள் அலுமாரியில் இருக்கின்றன. ஒரு நாளுக்கு ஒரு வரி. சில நாட்களுக்கு மூன்று.

அந்த ஆறு இலக்கங்கள் எனக்கு உரியவை அல்ல. திருகோணமலையில், பாலையூற்றில் இருக்கும் என் தங்கச்சி ரஞ்சியின் மகள் தர்சிகா தன் பல்கலைக்கழக விண்ணப்பக் கணக்கைத் திறக்க முயன்றிருக்கிறாள். திறப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஓர் இரகசிய எண் வேண்டும். எண் எனக்கு வரும். ஐந்து நிமிடங்களுக்குள் நான் அதை அவளுக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் அந்த எண் செல்லாது.

பத்தொன்பது வயதுப் பெண்ணின் கணக்குக்கு ஏன் பெரியம்மாவின் மின்னஞ்சல் என்று வெளிநாட்டில் உறவினர் இல்லாதவர்கள் கேட்கலாம். இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பதினொரு கணக்குகளுக்கு நான்தான் முகவரி. ரஞ்சி வீட்டு மின்சாரம், அவள் கணவர் ஜெயத்தின் கடவுச்சீட்டு விண்ணப்பம், ஒன்றுவிட்ட அண்ணர் நிலாவெளியில் வாடகைக்கு விடும் அறைகளின் முன்பதிவு என்று அது நீளும். ஊரில் சிம் தொலையும், போன் கிணற்றடியில் விழும், கடவுச்சொல் மறக்கும். “அக்காட ஈமெயிலைப் போடு, அதுதான் நிலையானது” என்பாள் ரஞ்சி. பத்தொன்பது வருடங்களாக எனக்கு ஒரே மின்னஞ்சல்தான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கணக்குகளுக்கு வரும் எதையும் வந்த நிமிடமே உரியவருக்கு அனுப்பிவிடுவேன். தாமதித்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எண்ணைப் பார்த்தேன். பாணைக் கடித்தேன். சுவர்க்கடிகாரம் 12.12 காட்டும் வரைக்கும் இருந்தேன். அனுப்பவில்லை.

12.20க்கு இன்னொரு எண் வந்தது. அதையும் அனுப்பவில்லை.

2

அதற்கு ஒன்பது நாட்கள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பத்தை நாங்கள் சேர்ந்து நிரப்பியிருந்தோம். அவர்கள் வீட்டில் இணையம் மெதுவாக இருந்ததால் அவள் வீடியோவில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரத்தில் தர்சிகா தொழினுட்பப் பிரிவில் படித்தவள். அவளுக்குக் கிடைத்த புள்ளிகளுக்கு இரண்டு பட்டப்படிப்புகள் எட்டும் தூரத்தில் இருந்தன. ஒன்று பொறியியல் தொழினுட்பம். இயந்திரங்களைத் தானாக இயங்கவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிய படிப்பு அதற்குள் வருகிறது. மற்றது தகவல் தொழினுட்பம், ஊரில் எல்லோரும் ஐ.ரீ. என்பது. விரும்பும் படிப்புகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். முதலாவது கிடைத்தால் அதோடு முடிந்தது. இரண்டாவதைத் திரும்பிப் பார்க்க ஏலாது.

தர்சிகா கொப்பி ஒற்றை ஒன்றில் வரிசையை எழுதி வைத்திருந்தாள். ஒன்று: பொறியியல் தொழினுட்பம். இரண்டு: தகவல் தொழினுட்பம்.

“வடிவா யோசிச்சனியோ பிள்ளை?”

“ஓம் பெரியம்மா. சோதினை முடிஞ்ச நாளில இருந்து இதைத்தான் யோசிக்கிறன்.”

நான் அவள் சொன்னபடியே போட்டேன். பிறகு ரஞ்சி போனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ. இவளுக்கு என்ன தெரியும்? பொம்பிளைப் பிள்ளை, மெசினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கப்போறாளாம். தகப்பன் ஒருத்தர் கிரீஸோட வாறது காணாதே? உங்கட கவின் மாதிரி ஒழுங்கா கொம்பியூட்டர் படிச்சால் ஏசி ரூமில இருக்கலாம். நாளைக்கு நோர்வேக்கும் வரலாம்.”

நான் மூச்சை உள்ளே இழுத்து ‘யா’ என்றேன். இங்கே ஆமோதிப்பதற்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. சொல் வெளியே வராது, காற்றோடு உள்ளே போகும். எனக்கு எப்போது தொற்றியது என்று எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

“என்னக்கா, விக்கலோ?”

“இல்லையடி. ஓம் எண்டனான்.”

மறுநாள் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கணக்கைத் திறந்தேன். எழுத்துப் பிழை பார்ப்பதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு படிப்பின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு சிறிய அம்புக்குறிகள், ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. தகவல் தொழினுட்பத்துக்குப் பக்கத்தில் இருந்த மேல்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். இரண்டு ஒன்றாகியது. ஒன்று இரண்டாகியது. சேமித்தேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்: ‘திங்கள். மழை. 12.24, தர்சியின் வரிசையைச் சரிசெய்தேன்.’

3

தர்சிகாவுக்கு அந்த ‘மெசின் படிப்பு’ எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவளே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவையும் நான் கதையை ரசித்தேன், அவ்வளவுதான்.

அவள் தகப்பன் ஜெயம், துறைமுகத்தில் கப்பலிலிருந்து தானியம் இறக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். பெரிய குழாய் ஒன்று கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிக் கோதுமையை உறிஞ்சும். பத்தொன்பது வருடங்களாக அதை ஓட்டுகிறார். அதன் பக்கத்தில் ஆளுயரச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உண்டு. இயந்திரத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் கணினி அதற்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் பூட்டுக்கான திறப்பு அவரிடம் தரப்பட்டதில்லை. பழுது என்றால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். அதுவரை கப்பல் நிற்கும், குழாய் தொங்கும், ஜெயம் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

தர்சிகா உயர்தரம் முதலாம் வருடம் படித்தபோது வகுப்பை அங்கே பார்வையிடக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கொடுத்து வரிசையாக நிறுத்தி, ஜெயம் பெருமையோடு இயந்திரத்தைத் தொடக்கினார். பத்து நிமிடத்தில் அது நின்றுவிட்டது. மகளின் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மேற்பார்வையாளர் கொழும்புக்குப் போன் எடுத்தார். வான் பிடித்து வந்து சேரப் பின்னேரமாகும் என்றார்கள். ‘பெட்டியைத் திறந்து, சின்னத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், பார்ப்போம்’ என்றார் அந்தப் பக்கத்திலிருந்த பொறியியலாளர். மேற்பார்வையாளர் திறப்பைக் கொண்டுவந்தார். திரையில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள். அவர் ஒன்றை வாசிக்க, அந்தப் பக்கம் வேறொன்று விளங்கியது. ஜெயம் திரும்பிப் பார்த்து, “தர்சி, இஞ்ச வா, இதில என்ன கிடக்கு எண்டு சொல்லு” என்றார்.

நாற்பது நிமிடம் அவள் அந்தப் பெட்டிக்கு முன்னால் போனோடு நின்றிருக்கிறாள். எந்த விளக்கு சிவப்பு, எந்த விளக்கு மினுங்குகிறது, மூன்றாம் வரியில் எந்த எண் என்று வாசித்தாள். கடைசியில் குழாயின் நுனியில் இருந்த உணர்கருவி ஒன்றில் தூசி அடைத்திருந்தது. ஜெயம் ஏறித் துணியால் துடைத்தார். இயந்திரம் தொடங்கியது. வகுப்பு கைதட்டியது.

“பெரியம்மா,” என்று அவள் என்னிடம் கேட்டாள், “அந்தத் தூசியை எங்கட அப்பாக்குத் துடைக்கத் தெரியும். எங்க துடைக்கிறது எண்டுதான் தெரியாது. அதைச் சொல்லுற ஆள் ஏன் எப்பவும் கொழும்பில இருக்கோணும்?”

நல்ல கேள்வி என்றேன். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

4

இரண்டு எண்களும் செல்லாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, 12.31க்கு அவள் போன் எடுத்தாள். பின்னால் போட்டோப் பிரதி இயந்திரத்தின் சத்தம்.

“பெரியம்மா, எண் வரேல்லையோ?”

“வேலையில நிண்டனான் பிள்ளை. ஒரு கூட்டம்.”

“சாப்பாட்டு நேரத்திலயோ?”

நான் பாணைத் தள்ளி வைத்தேன்.

“நான் கொமினிகேசன் கடையில நிக்கிறன். விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க வந்தனான். வெள்ளிக்கிழமையோட மூடுறாங்கள். எடுத்துக் கையெழுத்து வைச்சு, பதிவுத்தபாலில போடோணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதுக்கு முதல் வரிசையையும் திருத்தோணும்.”

“என்ன வரிசை?”

“நீங்கள் அனுப்பின கடதாசியிலதானே பாத்தனான்.”

அப்போதுதான் விளங்கியது. கணக்கில் மாற்றம் செய்தவுடன் அதன் சுருக்கம் ஒன்று மின்னஞ்சலாக வரும். திங்கட்கிழமை 12.25க்கு அது வந்திருக்கிறது. வந்த நிமிடமே, வழக்கம்போல, வாசிக்காமலே அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். என் ஒழுங்கே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. அவள் எட்டு நாட்களாக அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

“கை தவறி அழுத்துப்பட்டிருக்கும் எண்டு நினைச்சனான்,” என்றாள். “அப்பிடித்தானே பெரியம்மா?”

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் அதற்குள் போயிருக்கலாம்.

“இல்லை. தெரிஞ்சுதான் மாத்தினனான். உன்ர நன்மைக்கு. ஐ.ரீ. எண்டால் எந்த நாட்டிலயும் வேலை. நாளைக்கு நீ…”

“கவின் அண்ணா மாதிரியோ?”

“ஓம். கவினைப் பார்.”

“பாக்கிறனான்தானே. கிழமைக்கு ரெண்டு தரம் பாக்கிறன். கப்பல்பட்டறையில வயர் இழுக்கிறார். ஹெல்மெட்டோட படம் அனுப்புறவர். ஒண்டரை வருசமா எனக்குத் தெரியும் பெரியம்மா.”

அவளுடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

“அம்மாக்குச் சொன்னனியோ?”

“ஏன் சொல்லுவான்? அது உங்கட கதை. நீங்கள்தான் சொல்லோணும்.” பிறகு, “கடைக்காரர் பாக்கிறார். நான் வாறன். வெள்ளிக்கிழமை திரும்பிக் கேப்பன், எண்ணை அனுப்புங்கோ” என்று வைத்துவிட்டாள்.

5

இதை வாசிக்கிறவர்களில் பலர் ஊரில் இருப்பவர்கள். உங்களிடம் மறைப்பதில் பொருளில்லை. என் மகன் கவின் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்கப் போய், இரண்டாம் பருவத்தோடு விட்டுவிட்டான். இப்போது ஒரு கப்பல்பட்டறையில் மின்சார வேலை பழகுகிறான். சம்பளம் கொடுத்துப் பழக்குகிறார்கள். வசந்த காலத்தில் தொழிற்சான்றிதழுக்கான பரீட்சை. இந்த நாட்டில் அதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரஞ்சி முதல்முறை “கவின் எப்பிடிப் படிக்கிறான்?” என்று கேட்டபோது, “நல்லாப் படிக்கிறான்” என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் முறையும் அதே. பிறகு அது உண்மையைப் போலப் பழகிவிட்டது. எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நான், அந்தப் பொய்யை முதலில் சொன்ன நாளைக் குறிக்கவில்லை. தேடிப் பார்த்தேன். அந்த மாதத்தில் மழை மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் உயர்தரம் முடித்தபோது எனக்குத் தொழினுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வீடுகள், கட்டடங்களின் வரைபடங்களை அளவுக்கு வரையும் வேலை. மிகவும் விரும்பி விண்ணப்பித்திருந்தேன். கல்லூரி தொடங்கப் பத்து நாட்கள் இருக்கையில் லண்டனில் இருந்த சித்தப்பாவின் நீலநிற விமானக் கடிதம் வந்தது. ‘இனிக் கையால் படம் கீறுகிற காலம் போய்விடும், பிள்ளையைக் கொம்பியூட்டர் படிக்கவிடு’ என்று அப்பாவுக்கு எழுதியிருந்தார். அவர் சொன்னது பிழையும் அல்ல. நகரில் இருந்த ஒரே கணினி வகுப்பில் சேர்த்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். மூன்று கணினிகள், ஒவ்வொன்றுக்கும் துணி உறை. எட்டு மாதம் படித்தேன். நான் நோர்வேக்கு வந்து இறங்கியபோது, நான் படித்ததை உலகத்தில் ஒருவரும் பாவிக்கவில்லை.

இப்போது என் வேலை, பேர்கனில் நூறு வருடங்களாகக் கட்டப்பட்ட வீடுகளின் பழைய வரைபடங்களைப் படம்பிடித்துக் கணினியில் சேர்ப்பது. யாரோ கீறிய கோடுகள். மூலையில் வரைந்தவரின் பெயர், திகதி. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தாள்கள். நல்ல வேலை, குறையில்லை. ஆனால் சில தாள்களை மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் அக்கறையில் எழுதினார். நானும் அக்கறையில்தான் அழுத்தினேன். அந்த ஒற்றுமைதான் என்னை இரண்டு நாட்கள் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

6

புதன்கிழமை ஐந்து மணிக்குக் கவின் வேலை உடுப்போடு வந்தான். அவனுடைய நண்பர்களுக்கு அவன் கெவின். அவன் தமிழில் ‘நீங்கள்’ இல்லை. நோர்வேஜிய மொழியில் எல்லோரும் ‘நீ’ என்பதால் என்னையும் ‘நீ’ என்பான். சின்ன வயதில் திருத்தினேன். பிறகு அவன் தமிழ் கதைப்பதே போதும் என்று விட்டுவிட்டேன்.

உருளைக்கிழங்கை அவன் தட்டில் போட்டுக்கொண்டே, “தர்சிக்கு என்னடா சொன்னனீ?” என்று கேட்டேன்.

“அவள் கேட்டாள், நான் படம் அனுப்பினன். சுவிட்ச் போர்ட். கன்ட்ரோல் ரூம். அவள் நல்ல கேள்வி கேக்கிறாள் அம்மா. எங்கட வேலைத்தலத்தில இருக்கிற ஆளுகளைவிட நல்ல கேள்வி.” கரண்டியை வைத்தான். “நீ அவங்களுக்கு என்னைப் பற்றி என்ன சொன்ன?”

“படிக்கிறாய் எண்டு.”

“படிக்கிறன்தானே. கப்பலில படிக்கிறன்.”

“கொம்பியூட்டர் எண்டு சொன்னனான்.”

அவன் தமிழில் சொல்லைத் தேடுகிறான் என்று தெரிந்தது. நோர்வேஜிய மொழியில் சொல்லியிருக்கலாம், எனக்கு விளங்கும். ஆனால் தேடினான்.

“உனக்கு வெக்கமா அம்மா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கைகளைப் பார்த்தேன். நகத்தோரத்தில் கறுப்பு. தகப்பனைப் போல நீண்ட விரல்கள். “இருந்தது,” என்றேன். “இப்ப அதில இருந்து வெளிய வரப்போறன்.”

“சரி,” என்றான். குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, “நீ கெதியா வா” என்றான்.

7

வியாழக்கிழமை 12.05க்கு ரஞ்சிக்குப் போன் எடுத்தேன். ஊரில் பின்னேரம் நாலு முப்பத்தைந்து. ஜெயம் வேலை முடிந்து வந்திருந்தார். கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. ரஞ்சியின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

சுற்றிவளைக்கவில்லை. கவின் படிப்பை விட்டதையும், கப்பல்பட்டறையில் வேலை பழகுவதையும் சொன்னேன். ஒன்றரை வருடமாகப் பொய் சொன்னதையும் சொன்னேன்.

 

“அப்ப,” என்றாள் ரஞ்சி, “இவ்வளவு காலமும் நான் ஆரைக் காட்டி என்ர பிள்ளையை ஏசினனான்?”

“என்னடி?”

“நாளும் பொழுதும் கவினைப் பார், கவினைப் பார் எண்டு சொன்னனான். சாப்பிடேக்கயும் சொன்னனான். அவள் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை. அவளுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான்தான் விசரி.”

“பிழை என்ரதான் ரஞ்சி.”

“ஓம், உங்கடதான்!” என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. “வயர் இழுக்கிறதைச் சொல்லுறதுக்கு என்னட்ட என்னக்கா வெக்கம்? என்ர மனிசன் என்ன மந்திரியோ?”

பின்னாலிருந்து ஜெயம் சிரித்தார். “மச்சாள், கவினை ஒருக்கா இஞ்சால அனுப்புங்கோ. எங்கட மெசினும் ரெண்டு நாளாப் படுத்துக் கிடக்கு.”

“நீங்கள் பேசாமல் இருங்கோப்பா.”

“நான் பேசாமல்தானே இருந்தனான். பத்தொன்பது வருசமா அந்தப் பெட்டிக்கு முன்னால பேசாமல் இருக்கிறன். பிள்ளை அதைத் திறக்கப்போறன் எண்டால் நீ ஏன் மறிக்கிறாய்?”

“அவள் துறைமுகத்தில ஆம்பிளையளுக்கு நடுவில நிக்கோணும். அதை யோசிச்சியளோ?”

“நான் நிக்கிறன்தானே அங்க.”

“நீங்கள் எத்தினை நாளைக்கு நிப்பியள்?”

 ரஞ்சியின் பயம் பொய்யானதல்ல. அதை நானும் அறிவேன். அவளை மனம் மாற்றுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. எந்தப் படிப்பு நல்லது என்று சொல்லும் தகுதி இந்த வாரத்தோடு என்னிடமிருந்து போயிருந்தது. அதனால் நான் செய்ததை மட்டும் சொன்னேன்: தர்சி எழுதிய வரிசையை நான் மாற்றினேன், அவள் அதைத் திரும்ப மாற்றப்போகிறாள், நாளைக்கு நான் எண்ணை அனுப்பப்போகிறேன்.

“என்னட்டக் கேக்கிறியளோ, சொல்லுறியளோ?” என்றாள் ரஞ்சி.

“சொல்லுறன்.”

 தூரத்தில் பஸ் ஒன்றின் ஹோர்ன் கேட்டது.

“அவளோட நான் நாலு நாளைக்குக் கதைக்கமாட்டன்,” என்றாள். “உங்களோட ஒரு கிழமைக்கு.”

“சரி.”

“கவின்ர படத்தை அனுப்புங்கோ. தொப்பியோட இருக்கிறதை.”

8

வெள்ளிக்கிழமை நான் சாப்பாட்டு அறைக்கு 11.50க்கே போய்விட்டேன். போனை மேசையில், பாணுக்குப் பக்கத்தில், முகம் மேலாக வைத்தேன். கூட வேலைசெய்யும் பெண் ‘யாரிடமிருந்து எதிர்பார்க்கிறாய்’ என்று கேட்டாள். “பெறாமகள்” என்பதற்கு நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அது அண்ணன் மகளுக்கும் தங்கச்சி மகளுக்கும் ஒன்றுதான். போதாது என்று பட்டது. “மகள்” என்றேன். எனக்கு மகள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கோப்பி ஊற்றித் தந்தாள்.

12.09க்கு எண் வந்தது. 12.09க்கே அனுப்பினேன்.

12.10: “வந்திட்டுது பெரியம்மா.”

12.14: “மாத்திட்டன். சுருக்கம் உங்களுக்கு வரும். அனுப்பவேண்டாம், நான் இஞ்ச பாத்திட்டன்.”

சுருக்கம் வந்தது. இந்த முறை வாசித்தேன். ஒன்று: பொறியியல் தொழினுட்பம். இரண்டு: தகவல் தொழினுட்பம். கொப்பி ஒற்றையில் இருந்தபடியே.

நான் எழுதினேன்: “இன்னொரு வேலையும் செய். மின்னஞ்சல் எண்ட இடத்தில என்ரதை எடுத்திட்டு உன்ரதைப் போடு.”

 12.17: “கோவமோ?”

“இல்லை பிள்ளை. உன்ர கணக்குத்தானே.”

முகவரியை மாற்றுவதற்கு ஒப்புதல் கேட்டுக் கடைசியாக ஓர் எண் எனக்கு வந்தது, 12.21க்கு. அதையும் அனுப்பினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். அந்தத் திங்கட்கிழமையின் வரியை வெட்டவில்லை. எழுதியதை வெட்டுவதில்லை என்பது என் விதி. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘சரியாகத்தான் இருந்தது. நான் மாற்றினேன்’ என்று சேர்த்தேன்.

9

அவளுக்கு எந்தப் படிப்பு கிடைக்கும் என்று இன்னும் தெரியாது. அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும். இரண்டாவது கிடைக்கலாம், இரண்டும் கிடைக்காமலும் போகலாம். கிடைத்த பிறகு அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் திறப்பைத் துறைமுகத்தில் அவளிடம் கொடுப்பார்களா என்பதும் தெரியாது.

ரஞ்சி சொன்னபடி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் போன் எடுத்து, கவினின் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டியதாகச் சொன்னாள். “கப்பலுக்குக் கரண்ட் குடுக்கிறவன் எண்டு சொன்னனான். பொய்யில்லைத்தானே?” என்றாள்.

நான் மூச்சை உள்ளே இழுத்து ‘யா’ என்றேன்.

“விக்கல் இன்னும் நிக்கேல்லை,” என்றாள்.

அதற்கு முன், ரஞ்சி கதைக்காமல் இருந்த நாட்களில் ஒருநாள், தர்சிகாவுக்கு எடுத்து விண்ணப்பம் தபாலில் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன்.

“வெள்ளிக்கிழமையே, தபால்கந்தோர் பூட்ட முதல் ஓடிப்போய்ப் போட்டிட்டன் பெரியம்மா. பதிவுத்தபால் துண்டு என்னட்ட இருக்கு.”

“அதில ஒரு இலக்கம் இருக்கும். படம் எடுத்து அனுப்பன்.”

“ஏன், குறிச்சு வைக்கவோ?” என்று சிரித்தாள். “தேவையில்லை. என்ர அலுமாரிக்குள்ள பத்திரமாக் கிடக்கு.”

அனுப்பவில்லை. இருபத்தெட்டுக் குறிப்பேடுகளில் அந்த இலக்கம் இல்லை.